வலி எங்கே? உடலின் உறுப்புகளும் அவற்றின் பெயர்களும்



தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் நள்ளிரவில் ஒருவருக்கு உடல்நலம் குன்றுமானால், நோயோடு மொழியும் ஒரு தொல்லையாக வந்து சேர்கிறது. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் தாயாருக்குத் தம் வலியைத் தமிழில்தான் சொல்லத் தெரியும். மருத்துவருக்கோ இந்தி தெரியும். அல்லது மராத்தி, வங்காளம் போன்ற அந்நாட்டு மொழி தெரியும். இருவருக்கும் இடையே நின்று பேசுவது பெரும்பாலும் பேரனோ பேத்தியோதான். அக்குழந்தை பள்ளியில் உறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களைப் படித்திருக்கும். ஆனால், பாட்டி சொல்லும் விலா, நெஞ்சுக்குழி, அடிவயிறு ஆகிய சொற்களைக் கேட்டிராது. பாட்டி காட்டும் இடம் ஒன்று, பேத்தி சொல்லும் இடம் வேறொன்று என்று ஆகிவிட்டால், மருத்துவர் தம் ஆராய்ச்சியைத் தவறான இடத்திலிருந்து தொடங்க நேரும்.

ஆகவே, உடலின் அமைப்பைக் குறிக்கும் அடிப்படைச் சொற்கள் சிலவற்றைப் பற்றி இன்று பேச விழைகிறேன். நான் மருத்துவன் அல்லன். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். நோய்க்கு மருந்து கூறும் தகுதி எனக்கு இல்லை. சொல்லின் எல்லை எதுவரை செல்கிறது என்று பார்ப்பது மட்டுமே என் தொழில். நம் வீட்டுச் சொற்களுள் சில மிக நுட்பமானவை. வேறு சில மிகப் பரந்தவை. எது நுட்பமானது, எது பரந்தது என்று வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருப்பது நோயுற்ற காலத்தில் பேருதவியாகும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

முதலில் திசைகளைப் பார்ப்போம். உடற்கூற்று நூலார் உறுப்புகளின் இடத்தைக் கூறும்போது, மனிதன் நிமிர்ந்து நின்று, முகம் நேரே நோக்கி, கைகள் பக்கங்களில் தொங்க, உள்ளங்கைகள் முன்புறம் தெரியும்படி நிற்பதாகக் கொள்வர். நோயாளி படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும் இந்த நிலையை வைத்தே மேல், கீழ், முன்புறம், பின்புறம் என்று கூறுவர். வலம், இடம் என்பவை எப்போதும் நோயாளியின் வலமும் இடமுமே. எதிரே நிற்பவரின் வலக்கைப் பக்கம் இருப்பது நோயாளியின் இடப்பக்கமாகும். உச்சந்தலையிலிருந்து தொப்புள் வழியாக ஒரு நேர்க்கோடு இழுத்தால் அது நடுக்கோடு. அக்கோட்டை நோக்கியது உட்பக்கம். அதிலிருந்து விலகியது வெளிப்பக்கம். முழங்காலின் உட்பக்கத்தில் வலி என்றால், மற்ற முழங்காலை நோக்கிய பக்கத்தில் வலி என்பது பொருள். இத்தனை எளிய சொற்களைக் கொண்டே வலியின் இடத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அடுத்து, பரந்த சொற்களுக்கு வருவோம். கை என்று நாம் சொல்வது தோளிலிருந்து விரல் நுனி வரையில் செல்கிறது. கால் என்பது இடுப்புக்குக் கீழ் முழுவதையும் தழுவுகிறது. ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு தனிச்சொற்கள் உண்டு. அதனால் தமிழில் குறை இருக்கிறது என்று எண்ண வேண்டா. தோள்பட்டை, மேற்கை, முழங்கை, முன்கை, மணிக்கட்டு, உள்ளங்கை, புறங்கை என்று நமக்குப் பெயர்கள் உள்ளன. காலிலும் அவ்வாறே தொடை, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால், உள்ளங்கால், புறங்கால் என்று வரிசையாக வருகின்றன. முழங்கைக்கு முழங்கால், உள்ளங்கைக்கு உள்ளங்கால், புறங்கைக்குப் புறங்கால் என இணையிணையாக அமைந்திருப்பதால், ஒரு குழந்தை இவற்றை ஒரே மாலையில் கற்றுவிடும். கையும் காலும் வலிக்கிறது என்று நிறுத்திக்கொள்ளாமல், இந்தச் சிறு பெயர்களில் ஒன்றைச் சொல்லும் பழக்கமே வேண்டுவது.

நெஞ்சு என்ற சொல் இதைவிடக் கவனத்துக்குரியது. நெஞ்சு என்பது மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும், சில ஊர்ப் பேச்சில் தொண்டை வரையிலும் நீளும். நெஞ்சுக்குழி என்பதோ மார்பெலும்பு முடியும் இடத்தில், மேல்வயிற்றின் நடுவே உள்ள பள்ளம். நெஞ்செரிச்சல் என்று நாம் கூறுவது பெரும்பாலும் இரைப்பையின் அமிலம் உணவுக்குழலில் ஏறுவதால் வருவது. ஆனால், இருதயத்துக்கு இரத்தம் குறைவதால் உண்டாகும் வலியும் நெஞ்சுக்குழியில் தோன்றக்கூடும்; இடத்தோள், இடக்கை, தாடை, முதுகு ஆகிய இடங்களிலும் பரவக்கூடும். பெண்களிடத்தும் நீரிழிவு உள்ளவர்களிடத்தும் அது வலியாக இல்லாமல், மூச்சுத்திணறலாகவோ மிகுந்த அயர்ச்சியாகவோ வெளிப்படுவதும் உண்டு. ஆதலால் நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று பெரியவர் சொன்னால், எரிகிறதா, அழுத்துகிறதா, எங்கே பரவுகிறது என்று கேட்டு, அந்த விடையை அப்படியே கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்வதே முறை. வீட்டிலுள்ளவர்கள் அதற்கு வாயு என்று தாமே பெயர் சூட்டிவிடுவது நன்றன்று.

வயிறும் அத்தகையதே. தொப்புளின் வழியாக நெடுக்கே ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் இழுத்து வயிற்றை நான்கு பகுதியாக மருத்துவர் பிரிப்பர். வல மேற்பகுதியில் கல்லீரலும் பித்தப்பையும் உள்ளன. இட மேற்பகுதியில் இரைப்பையின் பெரும்பங்கும் மண்ணீரலும் இருக்கின்றன. வலக் கீழ்ப்பகுதியில் குடல்வால் இருக்கிறது. குடல்வால் அழற்சியில் வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தோன்றி, சில மணி நேரம் கழித்து வலப்புற அடிவயிற்றுக்கு இறங்குவது வழக்கம். வயிற்றுவலி என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்ட மருத்துவருக்கு இந்த நகர்வு தெரியாது. காலையில் தொப்புளைச் சுற்றி வலித்தது, இப்போது வலப்பக்கம் அடிவயிற்றில் வலிக்கிறது என்று சொன்னால், அவருக்குப் பாதி வழி தெரிந்துவிடுகிறது. சிறுநீரகக் கல்லால் வரும் வலியோ முதுகின் பக்கமாக விலாவுக்குக் கீழே தொடங்கி, முன்புறமாகத் தொடை இடுக்கு வரையில் இறங்கும். விலா என்ற சொல் இங்கே எவ்வளவு பயன்படுகிறது என்று பாருங்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கருப்பையிலோ மார்பகத்திலோ நோய் கண்ட தாய்மார்கள், நாணத்தின் காரணமாக வயிறு என்றும் மார்வலி என்றும் பொதுவாகக் கூறி நிறுத்திவிடுகிறார்கள். இடையே நின்று மொழிபெயர்ப்பவன் பேரனாக இருந்தால் அதுகூடச் சொல்வதில்லை. கருப்பை, சினைப்பை, மார்பகம், சிறுநீர்ப்பை ஆகியவை கண்ணியமான சொற்கள். யார் முன்பும் கூறத் தக்கவை. அவற்றை வீட்டுப் பேச்சில் இயல்பாக வழங்கவிட்டால், சொல்ல வேண்டிய நேரத்தில் தயக்கம் குறையும். முடிந்தவரை அத்தகைய வேளையில் மகளோ மருமகளோ உடன் செல்வது நலம்.

நரம்பு என்பது பரந்த சொற்களுள் தலையாயது. கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம். கணுக்காலுக்குப் பின்னே கயிறு போல விறைத்து நிற்பதையும் நரம்பு என்கிறோம். மூளைக்கு உணர்ச்சியைக் கொண்டு செல்வதையும் நரம்பு என்கிறோம். நூல்வழக்கில் இவை மூன்றும் வேறு. முதலாவது இரத்தக் குழாய். அதில் இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்வது தமனி, இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவது சிரை. இரண்டாவது, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். மூன்றாவதே உண்மையில் நரம்பு. நரம்பு இழுக்கிறது என்று ஒருவர் சொல்வாரானால், தொட்டுக்காட்டச் சொல்லி, இம்மூன்றில் எது என்று தெளிந்துகொள்ள வேண்டும். இந்தியில் வழங்கும் நஸ் என்ற சொல்லும் பேச்சில் இரத்தக் குழாயையும் நரம்பையும் சேர்த்தே குறிப்பதால், அங்கும் இதே மயக்கம் நேர்கிறது.

பரந்த சொற்களைக் கண்டோம். தமிழின் நுட்பம் எங்கே இருக்கிறது என்பதையும் காண வேண்டும். உள்ளுறுப்புகளின் பெயர்கள் குடும்பங்களாக அமைந்துள்ளன. ஈரல் குடும்பத்தில் மூவர்: கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். பைக் குடும்பத்தில் இரைப்பை, பித்தப்பை, சிறுநீர்ப்பை, கருப்பை ஆகியவை அடங்கும். குழல் என்று முடிபவை மூச்சுக்குழலும் உணவுக்குழலும். குடலில் சிறுகுடல், பெருங்குடல் என இரண்டு. சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர், பெருங்குடலின் நீளம் ஏறத்தாழ 1.5 மீட்டர். பெயரிலுள்ள சிறுமையும் பெருமையும் நீளத்தைப் பற்றியவை அல்ல, விட்டத்தைப் பற்றியவை. மார்பையும் வயிற்றையும் பிரித்து நிற்கும் தசைத் தகட்டுக்கு உதரவிதானம் என்று பெயர். உதரம் வயிறு, விதானம் மேற்கட்டி. வயிற்றுக்கு மேலே கட்டிய பந்தல் என்று அதன் இடத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது.

எலும்புகளின் கணக்கும் சுவையானது. வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள். ஒரு கையின் மணிக்கட்டும் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து 27. ஒரு பாதத்தில் 26. ஆக, இரு கைகளிலும் இரு பாதங்களிலும் மட்டும் 106 எலும்புகள் உள்ளன. அதாவது பாதிக்கு மேல். முதுகெலும்பு என்று ஒருமையில் சொன்னாலும் அது பிறக்கும்போது 33 முள்ளெலும்புகளால் ஆனது: கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதன் கீழ் 5, வால்பகுதியில் 4. கடைசி இரு தொகுதிகளும் வளர வளர ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன. இந்த எலும்புத் தொடருக்குள்ளே செல்லும் நரம்புக் கற்றை தண்டுவடம். முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு என்பதை நினைவிற்கொள்க.

இச்சொற்கள் எங்கிருந்து வந்தன? இலத்தீன் பெயர்களைக் கண்டு நாம் மலைக்கிறோம். ஆனால் அவையும் தொடக்கத்தில் வீட்டுப் பொருள்களின் பெயர்களே. கீழ்க்காலின் பெரிய எலும்பாகிய டிபியா என்பதன் பொருள் குழல். காறை எலும்பாகிய கிளாவிக்கிள், சிறு சாவி. மசில் என்பது சுண்டெலி என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகளுக்கும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று ஐரோப்பியர் பெயரிட்டனர். தமிழிலும் அப்படியே வழங்குகிறோம். ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் பெருகிக் குழப்பம் மிகுந்ததால், 1895-இல் பாசல் நகரில் அறிஞர் கூடி, ஏறத்தாழ 50,000 பெயர்களிலிருந்து சற்றொப்ப 5,000 பெயர்களைத் தேர்ந்து பட்டியல் வகுத்தனர்.

தமிழிலும் இம்முயற்சி பழையதே. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தி, 1860-களில் தமிழ்வழியாகவே மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் உடற்கூறு, இரணவைத்தியம் முதலிய நூல்கள் தமிழில் வெளிவந்தன. உடற்கூற்றியலை அந்நாளில் அங்காதிபாதம் என்றனர். இன்றும் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களின் வழக்குக்கும் நம் வழக்குக்கும் சில வேறுபாடுகள் உள்ளன. நாம் தமனி, சிரை என்பதை அவர்கள் நாடி, நாளம் என்பர். நாம் கணையம் என்பதை அவர்கள் சதையி என்பர். இந்திய மொழிகளில் கலைச்சொற்களை வகுப்பதற்கென மத்திய அரசு 1961-இல் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை நிறுவியது. அறிஞர் வகுத்த பெயர் பக்கத்தில் இருப்பதால் வீட்டுப் பெயர் ஒழிய வேண்டும் என்பதில்லை. சிறுநீரகம் என்று நூலில் இருப்பது பலருக்குக் குண்டிக்காய் என்றே தெரியும். மண்ணீரல் என்பதை இறைச்சிக் கடையில் சுவரொட்டி என்பார்கள். இரண்டையும் அறிந்தவரே நல்ல இடைமொழியாளர்.

இனி, நாம் வாழும் மாநிலத்து மொழிகளுக்கு வருவோம். தென்மொழிகளில் தொல்லை குறைவு. கன்னடத்தில் கண்ணும் கையும் காலும் ஏறத்தாழ அப்படியே உள்ளன. மலையாளத்தில் வயிறும் நெஞ்சும்கூட நம்முடையவையே. தெலுங்கில் குண்டெ என்பது இருதயம். நம் குண்டிக்காய்க்கு உறவான சொல், ஆயினும் உறுப்பு வேறு. கடுபு என்பது அங்கே வயிறு. நம் கடுப்பு அன்று.

வடமொழிகளிலோ ஒலி ஒத்து பொருள் மாறும் சொற்களே பெரிய பொறி. நம் நாக்கு வாயினுள் இருப்பது. இந்தி, மராத்தி, வங்காளம் ஆகியவற்றில் நாக் என்பது மூக்கு. நம் கண் பார்ப்பது. அவர்களுடைய கான் கேட்பது. நம் கால் நடப்பது. அவர்களுடைய கால், மெல்லிய ககரத்தோடு ஒலிப்பது, கன்னம். வீக்கம் காலில் என்று ஒரு மூதாட்டி சொல்ல, கேட்பவர் கன்னத்தைப் பார்த்தால் அதில் வியப்பில்லை. சிறுநீரகத்தை இந்தியில் மெல்லொலியோடு குர்தா என்பர். வல்லொலியோடு சொன்னால் அது சட்டை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆகவே இத்தகைய சொற்களை ஏட்டில் படித்தால் போதாது, அந்நாட்டார் வாயால் கேட்டுப் பழக வேண்டும். பேட் வயிறு, கமர் இடுப்பு, பீட் முதுகு, பஸ்லி விலா, குட்னா முழங்கால், சீனா அல்லது சாத்தி மார்பு. நாபி, இருதயம், இரத்தம் ஆகியவை வடசொல் வழியாக இரு பக்கமும் பொதுவானவை. இவற்றைச் சொன்னால் பெரும்பாலும் விளங்கிவிடும்.

மருத்துவமனை அறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. அவற்றிலும் சில சொற்களை அறிந்தால் அச்சம் குறையும். ஹெபாடிக் என்றால் கல்லீரலைச் சார்ந்தது, ரீனல், சிறுநீரகத்தைச் சார்ந்தது, கார்டியாக், இருதயத்தை, பல்மனரி, நுரையீரலை, காஸ்ட்ரிக், இரைப்பையை. சொல்லின் இறுதியில் ஐடிஸ் என்று வந்தால் அழற்சி. எக்டமி என்று வந்தால் அகற்றுதல். அறிக்கையின் பொருளைத் தீர்மானிப்பது மருத்துவரின் பணி. எந்த உறுப்பைப் பற்றிய பேச்சு என்று அறிந்துகொள்வது நம் உரிமை.

நேயர்களே, ஒரு சிறிய செயலைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஒரு தாளில் மனித உருவம் ஒன்றை வரைந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை உள்ள பெயர்களை வீட்டிலுள்ள பெரியவர் சொல்லச் சொல்ல, குழந்தைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். பக்கத்திலேயே மாநில மொழிப் பெயரைக் குழந்தை எழுதட்டும். பாட்டிக்குத் தெரிந்தது பேத்திக்கும், பேத்திக்குத் தெரிந்தது பாட்டிக்கும் இவ்வாறு போய்ச் சேரும். பெரியவர் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும், இதற்கு முன் நடந்த அறுவை சிகிச்சை எந்த உறுப்பில், எந்த ஆண்டில் என்பதையும் அதே தாளின் பின்புறம் குறித்து, மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். அவசர வேளையில், மொழி தெரியாத அண்டை வீட்டார் துணைக்கு வந்தாலும், அத்தாளை எடுத்துக் கொடுத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

அயலூரில் வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். அதற்குப் பல விடைகள் உண்டு. வலிக்கிற இடத்தைப் பாட்டி எந்தச் சொல்லால் சொல்கிறாளோ, அந்தச் சொல் விளங்குவதற்கு என்பது அவற்றுள் ஒன்று.